அறுந்துபோனதாகச் சொன்ன நாற்பதடி

சினிமா ஆபரேட்டராக வேலை பார்த்த காலம் முழுவதிலும், படம் பார்க்க வந்தவர்களிடம் நான் இரண்டே இரண்டு முறை பொய் சொல்லியிருக்கிறேன். இரண்டு முறையும் ஒரே பொய்தான்: "படம் அறுந்துபோச்சு!" முதல் முறை மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில், கேமரன் மலையில் நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில். இரண்டாம் முறை போன மாதம், நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சியில்.

என் இடத்துக்கு வந்திருக்கும் தம்பி சேகர் அன்றைக்கே கேட்டுவிட்டான். "அங்கிள், பிலிம்ல ஒரு வெட்டுகூட இல்ல. நான் திருப்பிச் சுத்திப் பார்த்தேன். எதுக்கு அறுந்துபோச்சுன்னு சொன்னீங்க?"

எனக்குப் பேச வராது. தோட்டப் பள்ளியில் ஏழாம் வகுப்பு வரை படித்தவன். வாத்தியார் கேள்வி கேட்டால் விடை தெரிந்தும் எழுந்து நிற்க மாட்டேன். ஆபரேட்டர் அறை எனக்காகவே கட்டியதுபோல் அமைந்தது. சுவரில் ஒரு சின்ன ஓட்டை. அதன் வழியாகத் தெரிவதெல்லாம் ஜனங்களின் பின்மண்டை. யாரும் நம்மைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அதனால் சேகரிடம், "எழுதித் தர்றேன்பா" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். எழுதிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கம்போங் ராஜா பக்கத்துத் தோட்டத்து மண்டபத்தில் ஓடியது ஒரு பாட்டுப் படம். சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவும் ஒரு பெண்ணுக்குப் பேப்பரில் பெயர் வர வேண்டும் என்று ஆசை. திருடனைத் தனியாகப் பிடித்தேன் என்று ஒரு பொய் சொல்கிறாள். பத்திரிகைக்காரர்கள் கூட்டமாக வந்து ஆடிப் பாடி அவளைத் தூக்கி வைக்கிறார்கள். அவள் ஒன்று சொன்னால் அவர்கள் ஒன்பது எழுதுகிறார்கள். அடுத்த வாரம் வேறொரு பெண் கிடைக்கிறாள். இவளை விட்டுவிட்டு எல்லோரும் அங்கே ஓடுகிறார்கள். கடைசியில் தன் படம் போட்ட காகிதத்தில் கச்சான் கடலை மடித்துக் கொடுப்பதை அவளே பார்க்கிறாள். மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்திருப்பேன். ஆனால் நாலாவது பெஞ்சில் மருதமுத்து அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

அவர் கதையைச் சொல்ல வேண்டுமானால் ஜப்பான்காரன் காலத்துக்குப் போக வேண்டும்.

வெள்ளைக்காரத் துரைகள் போன பிறகு தோட்டத்தில் செடிக்குக் கத்தி வைத்து மட்டமாக வெட்ட ஆள் இல்லை. தேயிலைச் செடிகள் மரமாக வளர்ந்து, கொழுந்து கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டன. சரிவுகளில் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் போட்டோம். நான் பாக்டரி இஞ்சின் ரூமில் எண்ணெய் போடும் ஆளாக இருந்தேன். இஞ்சின் நின்றுவிட்டதால் நானும் கிழங்கு தோண்டினேன். ஒரு நாள் ஜப்பான்காரர்களின் படம் காட்டும் லோரி தோட்டத்து மேட்டில் ஏற முடியாமல் நின்றுவிட்டது. அதில் இருந்த டைனமோவும் ஓடவில்லை. தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி என்னைக் கூப்பிட்டு விட்டார். ஓட வைத்தேன். லோரியோடு வந்த ஜப்பான் அதிகாரி என் தோளைத் தட்டினார்; அவரைத் துவான் என்றுதான் கூப்பிட வேண்டும். மறுநாளிலிருந்து நான் லோரியோடு போக வேண்டும் என்றார்கள். இவ்வளவுதான் எனக்கு வேலை கிடைத்த கதை.

லோரியில் ஆபரேட்டராக இருந்தவர் ஞானப்பிரகாசம். நான் ஞானம் ஐயா என்று கூப்பிடுவேன். ஈப்போவில் ஒரு கொட்டகையில் வேலை பார்த்தவர். ஒல்லி ஆள். சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டிருப்பார். மிஷினை 'அவங்க' என்றுதான் சொல்வார். "அவங்க இன்னும் சூடாகல, பொறு" என்பார். என்னைத் திட்டியதே கிடையாது. தப்புச் செய்தால் என்னைப் பார்க்காமல் மிஷினைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். அது திட்டைவிட மோசம்.

எந்த ரீலையும் கையால் பார்க்காமல் ஓட்ட மாட்டார். இடது கையில் பழைய காலுறையில் தைத்த உறை. பிலிமின் இரு ஓரத்தையும் இரண்டு விரலுக்கு நடுவே மெல்லப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, வலது கையால் சுற்றுவார். ஓரத்து ஓட்டை எங்கே கிழிந்திருந்தாலும் விரல் நின்றுவிடும். கிழிந்த இடத்தை ஒரு படச் சதுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் நேராக வெட்டுவார். ஒரு முனையில் இருக்கும் பூச்சை எச்சில் தொட்டுச் சவர பிளேடால் சுரண்டுவார். ஒட்டும் மருந்தை ஒரே இழுப்பாகத் தடவி, இரண்டு முனையையும் வைத்துக் கட்டைவிரலால் அழுத்துவார். எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும் என்பதற்கு அவரிடம் கடிகாரம் இல்லை. கிறிஸ்தவர். ஒரு பரலோக மந்திரம் முழுதாகச் சொல்லி 'ஆமென்' என்றதும் விரலை எடுப்பார். நான் மாரியம்மனைக் கும்பிடுகிறவன். இருந்தாலும் பிலிம் ஒட்டுவதற்காக அந்த மந்திரத்தை மனப்பாடம் செய்தேன். ஒரு தடவை அவசரத்தில் பாதியிலே விரலை எடுத்துவிட்டேன். காட்சி நடுவில் அந்த இடத்தில் பட்டென்று விட்டுப்போயிற்று. ஞானம் ஐயா மிஷினைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

மருதமுத்து அண்ணன் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தவர். தேயிலைச் செடியை மட்டமாக வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடிப்பவர். நல்ல குரல். சரிவில் பத்துப் பேர் செடி வெட்டும்போது அவர் பாட்டுக்குத்தான் கத்தி விழும். சொந்தமாகக் கட்டிய பாட்டு. 'சாரல் விழும் மேட்டினிலே சாய்ச்சு வெட்டு கத்திக்காரா' என்று ஆரம்பிக்கும். படம் எடுக்கும் கூட்டம் ஒன்று தோட்டத்துக்கு வந்தபோது, பாடுகிற தொழிலாளி ஒருவன் வேண்டும் என்றார்கள். கூடவே ரத்தினம் என்று ஒரு தமிழ்ப் பத்திரிகைக்காரர் வந்திருந்தார். அவர்தான் மருதமுத்து அண்ணனைப் பிடித்தார்.

"கவ்வாத்து வேணாம்யா. கத்தி பார்க்க நல்லா இருக்காது. நீ கொழுந்து கிள்ளு."

"கொழுந்து பொம்பளைங்க வேலைங்க."

"படத்துல நீதான்யா ஆளு. கிள்ளு!"

ஆனால் கிள்ளக் கொழுந்து எங்கே? செடியெல்லாம் மரமாக நின்றது. படம் எடுக்க மட்டமான வரிசை வேண்டும் என்று துவான் சொல்ல, இருபது பேர் சேர்ந்து ஒரு துண்டு நிலத்தை இடுப்பு உயரத்துக்கு வெட்டினார்கள். வெட்டிய பிறகுதான் தெரிந்தது, வெறும் குச்சிதான் மிச்சம். கவ்வாத்து வெட்டிய செடி துளிர்க்க எத்தனை வாரம் ஆகும் என்று துவானுக்கு யார் சொல்வது? பெண்கள் மேல் சரிவு மரங்களிலிருந்து கொழுந்தைப் பறித்து வந்து, ஒவ்வொரு குச்சியிலும் வாழைநாரால் கட்டினார்கள். மருதமுத்து அண்ணன் மனைவி செல்லம்மா அக்கா கட்டிக்கொண்டே, "இருவது வருசமா கிள்ளுனத இன்னிக்குத் திருப்பிக் குடுக்குறோம்டி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

வெயில் ஏற ஏறக் கட்டிய கொழுந்து தலையைத் தொங்கப் போட்டது. அதற்குள் அண்ணனுக்கு யாருடையதோ வெள்ளைச் சட்டையை மாட்டி, முதுகில் கூடையைக் கட்டிவிட்டார்கள். முதலில் கேமராவுக்கு முதுகைக் காட்டி நடக்க வேண்டும், பாட்டின் முதல் வரி வர வேண்டும், பிறகு திரும்பி முகம் காட்டிப் பாட வேண்டும். பாட்டை ரத்தினம் திருத்தியிருந்தார். முதல் வரி மட்டும் அண்ணனுடையது. மற்றதெல்லாம் சயாமில் ரயில் பாதை போடப் போனால் நெல்லுச் சோறு காத்திருக்கிறது, போன தம்பிமார் பொன்னோடு வருவார் என்று போனது. அண்ணன் நான்கு முறை பாடினார். நான்காவது முறை துவானும் போய்ப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றார்.

பிறகு பேப்பர் வந்தது. அண்ணனுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படித்துக் காட்டினேன். 'மலைநாட்டின் பாடும் தொழிலாளி' என்று போட்டிருந்தது. தோட்டத்தின் பெயரும் ஆளின் பெயரும் தப்பு. போட்டோவில் இருந்தவர் பெரிய மீசை வைத்த வேறு யாரோ.

"யாருண்ணே இது?" என்றேன்.

அண்ணன் பேப்பரை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "மிஷின்ல அடிக்கறப்போ கொஞ்சம் மாறும்லா" என்றார். அடுத்த வாரத்திலிருந்து மீசை வளர்க்க ஆரம்பித்தார்.

வாரா வாரம் செய்தி பெரிதானது. ஆயிரம் பாட்டுத் தெரியும் என்று வந்தது. பிறகு, தன் ஏழு மகன்களையும் சயாமுக்கு அனுப்பினார் என்று வந்தது. அவர்களுக்குக் குழந்தை இல்லை. நான் படித்தபோது செல்லம்மா அக்கா அரிவாள்மனையில் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. "ஏழு பெத்தேனாமா? எனக்கே தெரியாமலா?" என்றார். சிரிப்பதற்கு நாங்கள் வாயைத் திறந்தோம். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டோம்.

அதற்கடுத்த வாரம் வந்ததுதான் கெட்டது. இவர் பாட்டைக் கேட்டு நூறு பேர் சயாமுக்குப் புறப்பட்டார்கள் என்று எழுதியிருந்தார் ரத்தினம். எங்கள் தோட்டத்திலிருந்து போனவர்கள் யாரும் பாட்டைக் கேட்டுப் போகவில்லை. லோரியைக் கொண்டுவந்து நிறுத்திப் பெயர் கூப்பிட்டு ஏற்றினார்கள். போனவர்கள் திரும்பவில்லை. ஆனால் அச்சில் வந்ததற்கு ஒரு பலம் உண்டு. மூன்றாவது லயத்தில் புருஷனைச் சயாமுக்குப் பறிகொடுத்த ஒரு பெண் வந்து அண்ணன் வாசலில் நின்றாள். "நீதான் அனுப்புனியாமே. பேப்பர்ல போட்டுருக்காம்ல? திருப்பிக் கூட்டிட்டு வா" என்றாள். சத்தம் போடவில்லை. சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அண்ணன் அன்று சாப்பிடவில்லை. இரண்டு நாள் கழித்து மீண்டும் என்னிடம் பேப்பரைக் கொண்டுவந்து, "அந்த ஆயிரம் பாட்டு வந்துச்சே, அத மட்டும் படி" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பத்து வயதிலிருந்து கத்தி பிடித்தவர். கங்காணி அவரை 'ஏய்' என்று கூப்பிட்டதைத்தான் நாங்கள் கேட்டிருக்கிறோம்.

இந்த வட்டாரத்தில் சுற்றப் படத்துக்கு ஒரே ஒரு பிரதிதான் எங்கள் லோரிக்கு வந்தது. முதல் காட்சி எங்கள் தோட்டத்தில். பிறகு தானா ராத்தா, ரிங்லெட், மற்ற தோட்டங்கள். காட்சிக்கு முந்தின நாள் காலையில் செல்லம்மா அக்கா லோரிக்கு வந்தார். கோலா தெர்லாவில் காய்கறி போடும் ஒரு சீன அம்மாவிடம் அவருக்குப் பழக்கம். கிழங்கு கொடுத்துக் கீரை வாங்குவார். அந்த அம்மா சொல்லியிருக்கிறாள்.

"ஜப்பான்காரன எதுத்துக் காட்டுக்குள்ள இருக்கறவங்க பேப்பரப் பார்த்துட்டாங்க தம்பி. நூறு பேர அனுப்புனவன் யாருன்னு தேடுறாங்க. பேரும் சரியில்ல, போட்டோவும் சரியில்ல. படம் வரட்டும், மூஞ்சி தெரியும்னு காத்திருக்காங்களாம்."

ரிங்லெட் போகும் பாதையில் ஜப்பான்காரனுக்கு ஆள் பிடித்துக் கொடுத்த கங்காணி ஒருவர் பிணமாகக் கிடந்த கிடை எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"அண்ணங்கிட்ட சொன்னீங்களாக்கா?"

"சொல்லாம இருப்பேனா? 'படத்துல வர்ற ஆள எவன்டி தொடுவான்'ங்குறாரு. மீசைக்கு எண்ண தடவிக்கிட்டு இருக்காரு." அக்கா லோரியின் பின்கதவைப் பிடித்துக்கொண்டார். "அவரு மூஞ்சி மட்டும் வராம பண்ணிடு தம்பி. நான் சொன்னேன்னு அவருக்குத் தெரிய வேணாம். வாழ்நாள் முழுக்க என்ன மன்னிக்க மாட்டாரு."

தலையைக் குனிந்துகொண்டேன். அவர் போன பிறகு ஞானம் ஐயாவிடம் திக்கித் திக்கிச் சொன்னேன். ஜப்பான்காரன் பிலிமை வெட்டினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பதில் சொல்லப் போவது நான் மட்டும் அல்ல, அவரும்தான்.

அவர் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்தார்.

"நாளைக்குத் துவான் நேர்ல வந்து உக்காருவாரு. காணாம போச்சுன்னா கேப்பாரு. கண்ணுக்கு முன்னால அறுந்தா, மிஷினத்தான் திட்டுவாரு" என்றார். லென்ஸைத் திருகி மாட்டினார். "மந்திரம் சில நாளு பாதியிலேயே மறந்துபோகும். மனுசன்தானே."

பிறகு ரீலை மேசையில் வைத்து, பக்கத்தில் பிளேடையும் மருந்துக் குப்பியையும் வைத்தார். "நான் போய் ஒரு பீடி குடிச்சிட்டு வர்றேன்" என்று இறங்கிப் போனார். அவருக்குப் பீடிப் பழக்கம் கிடையாது.

கூடை கட்டிய முதுகு வருகிறது, முதல் வரி முடிகிறது. அந்த இடத்தில் வெட்டினேன். அவர் திரும்புவதிலிருந்து பாட்டு முடியும் வரை நாற்பதடி. அதைச் சுருட்டிப் பால்மாவு டின்னில் போட்டேன். இரண்டு முனையையும் சேர்த்து அழுத்தி மந்திரத்தை ஆரம்பித்தேன். பாதிக்கு வந்ததும் விரலை எடுத்தேன்.

ராத்திரி விளக்குக் கட்டுப்பாடு இருந்ததால் காட்சியைப் பகலில் வைத்தோம். பாக்டரியின் மேல்மாடியில், முன்பு கொழுந்து உலரப் போடும் இடத்தில், சன்னல்களில் கோணிச் சாக்கை அடைத்துத் திரை கட்டினோம். தோட்டம் முழுதும் வந்தது. துவானுக்கு நாற்காலி. மருதமுத்து அண்ணன் அதே மாதிரி ஒரு வெள்ளைச் சட்டையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி முன்வரிசை ஓரத்தில் நின்றிருந்தார்.

கப்பல், ராணுவம், கொடி எல்லாம் போய் எங்கள் சரிவு வந்தது. தொங்கிப்போன கொழுந்தைப் பார்த்ததுமே பெண்கள் பக்கத்தில் சிரிப்பு. "அடியே, நார் தெரியுதுடி!" பிறகு கூடை கட்டிய முதுகு வந்தது. 'சாரல் விழும் மேட்டினிலே' என்று குரல் எழுந்தது. மாடியே அடங்கிவிட்டது. அந்தக் குரல் அத்தனை பெரிதாக நாங்கள் கேட்டதில்லை. முன்வரிசையில் அண்ணன் கையை மார்பில் வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

பட்டென்று அறுந்தது. திரை வெள்ளையானது.

"படம் அறுந்துபோச்சு!" என்று கத்தினேன். என் வாழ்நாளில் அவ்வளவு உரக்க நான் பேசியது அப்போதுதான்.

துவான் எழுந்து வந்தார். ஞானம் ஐயா குனிந்து வணங்கி, எங்கிருந்தோ எடுத்து வைத்திருந்த கசங்கிய பழைய பிலிம் துண்டுகளைக் கையில் ஏந்தி, மிஷின் கடித்துவிட்டது என்று காட்டினார். அறுந்த முனைகளையும் காட்டினார். துவான் பார்த்தார். ஞானம் ஐயாவின் கன்னத்தில் இரண்டு அறை விழுந்தது. துவானின் சிரித்த முகமும் அந்த நாற்பதடியில்தான் இருந்தது என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஐயா மறுபடி வணங்கினார். கழுத்துப் பொத்தானைச் சரிசெய்தார். என்னிடம், "முழுசா சொல்லி ஒட்டுப்பா" என்றார்.

ஒட்டி ஓட்டினோம். முதுகு நடந்தது, முதல் வரி வந்தது, உடனே ஒரு பாலமும் ரயிலும் வந்தன.

"எங்கடா மருதமுத்து ஒன் மூஞ்சி?" என்று ஒரு குரல்.

"முதுகு வந்துச்சுல்ல, அது போதாதா?"

"அது மருதமுத்து முதுகுதான்னு என்ன அத்தாட்சி? என் முதுகும் அப்படித்தான்லா இருக்கும்!"

மாடி அதிரச் சிரித்தார்கள். அண்ணன் திரும்பி, கூட்டத்தைத் தாண்டி, நேராக என்னைப் பார்த்தார். பிறகு படி இறங்கிப் போய்விட்டார். அன்று முதல் அவர் பெயர் 'முதுகு'. முதுகு வர்றாரு, முதுகு போறாரு. என்னோடு பேச்சு நின்றது. செல்லம்மா அக்கா என்னைக் கடந்து போகும்போது மட்டும் ஒரு கணம் நடை தளரும்.

ஜப்பான்காரன் தோற்று, வெள்ளைக்காரன் இன்னும் திரும்பி வராத சில வாரங்கள் இருந்தன. செய்தி கேட்ட அன்றே அக்கா அண்ணனைப் பிடித்து உட்காரவைத்து மீசையை மழித்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நாலாம் நாள் காட்டிலிருந்து துப்பாக்கியோடு ஆறு பேர் இறங்கி வந்தார்கள். காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் ஆண்களை வரிசையாக நிற்க வைத்தார்கள். தலைவரின் கையில் அந்தப் பேப்பர் இருந்தது. மீசைக்காரப் போட்டோவை ஒவ்வொரு முகத்துக்குப் பக்கத்திலும் பிடித்துப் பார்த்தார். யாரும் பொருந்தவில்லை.

"இந்தப் பாட்டுக்காரன் யார்?" என்று மலாயில் கேட்டார். வரிசை பேசவில்லை. மூன்றாவது லயத்துப் பெண் களத்தின் ஓரத்தில்தான் நின்றிருந்தாள். அவளும் பேசவில்லை.

அவர்களில் ஒருவன் ரிங்லெட்டில் படத்தைப் பார்த்திருக்கிறான். முகம் வரவில்லை, முதுகைத்தான் பார்த்தேன் என்றான். தலைவர் யோசித்தார். எல்லோரையும் திரும்பி நிற்கச் சொன்னார்.

திரும்பி நின்றோம். எனக்கும் அண்ணனுக்கும் நடுவே இரண்டு பேர். பின்னால் காலடிச் சத்தம் ஒவ்வொரு முதுகாக நின்று நின்று வந்தது. ஜனங்களைப் பின்னாலிருந்து பார்த்தே பிழைக்கிறவன் நான். பின்னாலிருந்து பார்க்கப்படுவது எப்படி இருக்கும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். மரவள்ளி தின்று எலும்பு தெரியும் முதுகுகள். எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. என் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். போனார்கள். அண்ணன் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். வெகுநேரம் நின்றதுபோல் இருந்தது. பிறகு நகர்ந்தார்கள். இரண்டு கோழியைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் ஏறிவிட்டார்கள்.

ஞானம் ஐயா ஈப்போவுக்குத் திரும்பினார். நானும் கூடப் போனேன். கொட்டகையில் சில வருஷம், பிறகு தோட்டம் தோட்டமாகப் படம் காட்டும் வேலை, கடைசியில் மறுபடி இந்த மலை. எங்கே போனாலும் பால்மாவு டின்னும் வந்தது. அந்தக் காலத்து பிலிம் சீக்கிரம் தீப்பிடிக்கும். மூடியில் துளை போட்டு, குளிர்ந்த இடத்தில் வைத்து, வருஷத்துக்கு ஒரு முறை திறந்து மோந்து பார்க்க வேண்டும். மோந்து பார்த்தேன். ஓட்டிப் பார்த்ததில்லை. மருதமுத்து அண்ணன் தோட்டத்தை விட்டுக் கோலா தெர்லாவில் முட்டைக்கோஸ் பயிர் போட்டார். அந்தக் காலத்துக்குப் பிறகு அவர் பாடி யாரும் கேட்டதில்லை என்றார்கள்.

போன மாதம் நாலாவது பெஞ்சில் அந்தப் பின்மண்டையைப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. பக்கத்தில் செல்லம்மா அக்கா. திரையில், பத்திரிகைக்காரர்கள் அந்தப் பெண்ணை விட்டு ஓடிப்போக, ஆளில்லாத தெருவில் அவள் தனியாகப் பாடும் காட்சி. அண்ணன் எழுந்து வெளியே போனார். அக்கா திரும்பி, என் ஓட்டையை நிமிர்ந்து பார்த்தார். என்னைப் பார்க்க முடியாது என்று தெரியும். ஆனாலும் பார்த்தார்.

மிஷினை நிறுத்தினேன். "படம் அறுந்துபோச்சு! பத்து நிமிசம்!" அலமாரியைக் காலி செய்வதற்காக டின்னை அன்று எடுத்து வைத்திருந்தேன். அதைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

மண்டபத்தின் பின்னால் முட்டைக்கோஸ் லோரி ஒன்று நின்றிருந்தது. அதன் நிழலில் அண்ணன் உட்கார்ந்து பீடியை எடுத்துக்கொண்டிருந்தார்.

"பத்த வைக்காதீங்கண்ணே. இது தீப்புடிக்கும்."

நிமிர்ந்து பார்த்தார். "பெருமாளா? இன்னிக்கும் அறுத்துட்டியா?"

"அன்னிக்கு அறுந்துபோகலண்ணே. நான்தான்..."

"தெரியும்."

"திரும்பி நிக்கச் சொன்னான் பாரு, அப்பவே தெரிஞ்சிச்சு. மூஞ்சி வந்திருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்." பீடியைக் காதில் செருகிக்கொண்டார். "தெரிஞ்சும் ஒன் மேல கோவம் போகல. எத்தன தடவ சொல்லிப் பார்த்தேன், மனசு கேக்கல. என்ன செய்யச் சொல்ற?"

"நான்தான் வெட்டச் சொன்னேன்" என்றார் பின்னாலேயே வந்து நின்ற செல்லம்மா அக்கா. "இப்பயாச்சும் கேட்டுக்குங்க."

அண்ணன் அவரைப் பார்த்தார். "அதுவும் தெரியும் போ" என்றார்.

டின்னைத் திறந்து, சுருளின் முனையை அவர் கையில் கொடுத்தேன். வெயிலில் தூக்கிப் பிடித்தார். சின்னச் சின்னச் சதுரத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஆள் திரும்பிக்கொண்டிருந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான்யா இருந்திருக்கேன்" என்றார்.

"கொழுந்துதான் வாடிருச்சு" என்றார் அக்கா.

அண்ணன் சிரிக்கவில்லை. பிலிமைக் கீழே இறக்கினார். "ஒண்ணு கேக்கறேன் பெருமாளு. மறைக்காம சொல்லு. நூறு பேருன்னு எழுதுனானே. அந்தப் படத்துல என் பாட்டக் கேட்டுட்டு ஒருத்தனாச்சும் சயாமுக்கு வண்டி ஏறினானா?"

முப்பது வருஷமாக அவர் பாடாமல் இருந்தது எதனால் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. மூஞ்சி வராத கோபம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

பிலிமின் ஓரத்தைக் காட்டினேன். படத்துக்கும் ஓட்டைக்கும் நடுவே மெல்லிய கோடு ஒன்று நெளிந்து நெளிந்து ஓடும். "இது என்னன்னு தெரியுதாண்ணே? இதுதான் உங்க பாட்டு. சத்தம் இந்தக் கோட்டுலதான் இருக்கும். இந்தப் பக்கத்துக்கு இருந்தது ஒரே ஒரு படம். அதுல இருந்து வெட்டுனது இது. சயாம், நெல்லுச் சோறு எல்லாம் இந்த டின்னுக்குள்ளதான் இருந்துச்சு. இந்த மலையில ஒருத்தர் காதுலயும் விழல."

"முதல் வரி வந்துச்சே. நானே கேட்டேனே."

"அது மட்டும்தான் வெளிய போச்சு. அது உங்க சொந்த வரிண்ணே. கவ்வாத்துப் பாட்டு."

அவர் கட்டைவிரலால் அந்தக் கோட்டைத் தடவினார். பிலிமை அப்படித் தொடக் கூடாது. தடவட்டும் என்று விட்டேன். பிறகு தானே சுருட்ட ஆரம்பித்தார். சரியாகவே சுருட்டினார். மண்டபத்துக்குள்ளிருந்து விசில் சத்தமும் கைதட்டலும் வந்தன.

"ஜனங்க கத்துறாங்க தம்பி, போய் ஓட்டு" என்றார் அக்கா. "அந்தப் புள்ள கதி என்ன ஆச்சுன்னு பார்க்க வேணாமா?"

மேலே போய் மிஷினை ஓட்டினேன். ஓட்டை வழியாகப் பார்த்தேன். இரண்டு பேரும் நாலாவது பெஞ்சுக்குத் திரும்பி வந்தார்கள். அண்ணன் மடியில் டின் இருந்தது. கச்சான் காகிதம் வரும் காட்சியில் மண்டபம் சிரித்தது. அவர் முதுகும் குலுங்கியது. சிரிப்புதானா என்று பின்னாலிருந்து பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. செல்லம்மா அக்கா அந்த முதுகில் கையை வைத்தார். படம் முடிந்து விளக்குப் போடும் வரை எடுக்கவில்லை.